உப்பளமும் சிலிக்கானும்
குறைகடத்திப் பொருள்களைக் கற்பித்தலும் ஆராய்தலும்: பொம்மையார்பாளையத்துச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

பொம்மையார்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்று, காலாப்பட்டைக் கடந்து மரக்காணத்தை நெருங்குவோர் கண்ணில் வெண்குவியல்களாகப் படும் உப்பு, படிகம் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் மிக எளிய, மிக மலிவான எடுத்துக்காட்டாகும். அணுக்கள் ஒரே ஒழுங்கில், நீளம் அகலம் உயரம் என மூன்று திசையிலும் சலிக்காமல் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட திண்மமே படிகம் எனப்படுகிறது. உப்பில் சோடியமும் குளோரினும் ஒன்று மாற்றி ஒன்றாகக் கனசதுர மூலைகளில் அமர்ந்திருப்பதால்தான், பாத்தியில் அவசரமின்றி விளைந்த உப்புக்கல்லை உடைத்தாலும் அது சதுர முகங்களோடே உடைகிறது. இதற்கு நேர்மாறான பொருளும் பொம்மையார்பாளையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆரோவில் மாத்ரி மந்திரின் உள்ளறையில் வைக்கப்பட்டுள்ள, 70 சென்டிமீட்டர் விட்டமுடைய உருண்டையைக் காண வருவோர் அதைப் படிகம் என்றே அழைத்தாலும், அது ஜெர்மனியில் உருவான ஒளியியல் கண்ணாடியே. கண்ணாடியில் அணுக்கள் உருகிய நிலையில் இருந்த குழப்பத்தோடே உறைந்துபோகின்றன; தெளிவு இருக்கிறது, ஒழுங்கு இல்லை. வழிபாட்டுக்கும் தியானத்துக்கும் அந்த வேறுபாடு ஒரு பொருட்டன்று. டிரான்சிஸ்டருக்கோ அதுவே எல்லாம். பார்வைக்குப் பளிங்காகத் தெரிவதற்கும் உள்ளே படிகமாக இருப்பதற்கும் உள்ள அந்த இடைவெளியில்தான் குறைகடத்திப் பொருள்களைக் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

உப்பளத்தில் நடப்பதைப் படிக வளர்ப்பு நூல்களின் சொற்களில் விளக்குவது கடினமன்று. கடல்நீரின் செறிவு, நீர்மங்களின் அடர்த்தியை அளக்கும் போமே கருவியில் ஏறத்தாழ 3.5 டிகிரி காட்டுகிறது. வெயிலும் காற்றும் நீரை வாங்கிக்கொள்ளச் செறிவு ஏறி, 13 டிகிரியை ஒட்டி ஜிப்சம் படியத் தொடங்கி, 25 டிகிரியில் உப்பு பூக்கிறது. 30 டிகிரியை நெருங்கும் முன்பே எஞ்சிய நீரை வடித்துவிடாவிட்டால், அதில் தேங்கியிருக்கும் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து விளைச்சலைக் கசப்பாக்கிவிடும். இனி ஒரு துளியும் கரையாது என்ற எல்லையைத் தொட்ட கரைசலைத் தெவிட்டிய கரைசல் என்றும், அந்த எல்லையையும் தாண்டி, உறுதியற்ற நிலையில் கூடுதல் உப்பைத் தாங்கி நிற்கும் கரைசலை அதிதெவிட்டிய கரைசல் என்றும் வேதியியல் குறிக்கிறது. அதிதெவிட்டிய கரைசலில் ஆங்காங்கே துகள்கள் கூடிச் சிறு கொத்துகளாகின்றன. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழுள்ள கொத்து கரைந்துபோகிறது, அந்த அளவைத் தாண்டியது வளர்கிறது. இந்தத் தொடக்கத்துக்குக் கருவாதல் என்று பெயர். உப்பின் கரைதிறன் வெப்பநிலையோடு மிகச் சிறிதே மாறும் என்பதால் (100 கிராம் நீரில் பனிக்கட்டி நிலையில் கரையும் உப்பு சுமார் 36 கிராம், கொதிநிலையில் சுமார் 39 கிராம்), கரைசலைக் குளிரவைத்து உப்பெடுக்க இயலாது, ஆவியாக்கியே ஆகவேண்டும். அந்தக் காரணத்தால்தான் உப்புத் தொழில் வெயிலை நம்பியிருக்கிறது, ஐப்பசி மழை வந்தால் நின்றுவிடுகிறது.

உப்பு விளைவிக்கும் அளக்காரருக்கு எண்ணற்ற கற்கள் வேண்டும். ஆய்வாளருக்கு ஒரே ஒரு கல் வேண்டும். இரு தொழில்களும் பிரியும் இடம் இதுவே. பாத்தி முழுவதும் கோடிக்கணக்கான கருக்கள் ஒரே நேரத்தில் தோன்றுவது விளைச்சல் என்று உப்பளத்தில் கொண்டாடப்படும். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் அதே காட்சி தோன்றினால் ஒரு மாத உழைப்பு வீணானதாகப் பொருள்.

குறைகடத்திக்கு ஏன் அந்த ஒரே கல் தேவைப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் பெயரைப் பார்க்க வேண்டும். தாமிரம் போன்ற கடத்திக்கும் பீங்கான் போன்ற காப்பானுக்கும் இடைப்பட்ட மின்கடத்து திறன் உடையது என்பதால் அரைக்கடத்தி, குறைகடத்தி என்ற இரு பெயர்களும் தமிழில் வழங்குகின்றன. இரண்டுமே அப்பொருளின் சிறப்பைச் சொல்லாமல் அதன் குறையைச் சொல்லும் பெயர்கள் என்பதை மறுக்க முடியாது. குறைவாகக் கடத்துவது அதன் இயல்பில் ஒரு சிறு பகுதி மட்டுமே. எவ்வளவு கடத்த வேண்டும் என்பதை மனிதன் தீர்மானிக்க இடங்கொடுப்பதே அதன் தனித்தன்மை. 1833ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கும்போது, உலோகங்களில் நிகழ்வதற்கு மாறாக, அது மின்சாரத்தை மேலும் எளிதாகக் கடத்துவதைக் கண்டார். உலோகத்தில் எலக்ட்ரான்கள் எப்போதும் அலைந்துகொண்டே இருக்க, சூடு அவற்றின் பாதையைத் தடுக்கிறது. குறைகடத்தியிலோ எலக்ட்ரான்கள் அணுக்களிடையே பிணைப்பில் கட்டுண்டிருக்க, சூடு அவற்றை அவிழ்த்துவிடுகிறது. அவிழ்த்துவிடத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்கு ஆற்றல் இடைவெளி என்று பெயர். ஜெர்மானியத்துக்கு அது 0.67 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானுக்கு 1.12, நீல ஒளி உமிழும் காலியம் நைட்ரைடுக்கு 3.4. இந்த ஒற்றை எண்தான் ஒரு பொருள் எந்த வெப்பம் வரை வேலைசெய்யும், எந்த நிற ஒளியை ஈர்க்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

இந்தியாவில் இத்துறையின் முதல் பெயர் ஜகதீஷ் சந்திர போஸ். கலீனா எனப்படும் ஈய சல்ஃபைடுக் கல்லின் மீது உலோக முனை தொடும் இடத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு அவர் 1901இல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904இல் வழங்கப்பட்டது. ஆனால் கலீனா மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் கல். ஒரு கல் போல் மறு கல் இராது. ஒரே கல்லிலும் ஓர் இடம் வேலை செய்யும், மயிரிழை தள்ளி மற்றோர் இடம் செய்யாது. பழைய வானொலிப் பெட்டிக்காரர்கள் உலோகக் கம்பியின் நுனியால் கல்லைத் தடவித் தடவி நல்ல இடத்தைத் தேடியது அதனால்தான். இயற்கை தந்த கல்லைத் தேடுவதை விட்டு, வேண்டிய கல்லை வளர்த்தெடுப்பது என்ற எண்ணம் வேரூன்றும் வரை இத்துறை கைப்பழக்கமாகவே இருந்தது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் டிரான்சிஸ்டர் இயங்கிய பின்னரும் கூட, பல சிறு படிகங்கள் ஒட்டிய ஜெர்மானியமே போதும் என்று அங்கே பலர் கருத, கார்டன் டீல் என்ற வேதியியலாளர்தான் ஒற்றைப் படிகமே வேண்டும் என்று விடாப்பிடியாக நின்று, ஜான் லிட்டிலோடு சேர்ந்து உருகலிலிருந்து ஜெர்மானியப் படிகத்தை இழுத்தெடுத்தார். அதற்கு அவர்கள் கையாண்டது, போலந்துக்காரரான யான் சொக்ரால்ஸ்கி 1916இல் கண்ட வழி: உருகிய பொருளின் பரப்பில் சிறிய வித்துப் படிகம் ஒன்றைத் தொடவைத்து, சுழற்றியபடியே மெல்ல மேலே தூக்கினால், வித்தின் அணு ஒழுங்கையே பின்பற்றி உருகல் உறைந்துகொண்டு வரும். இரு படிகங்கள் ஒட்டும் எல்லையில் ஒழுங்கு முறிவதால் எலக்ட்ரான்கள் அங்கே சிக்கிக்கொள்கின்றன. ஒற்றைப் படிகத்தில் அத்தகைய எல்லையே இல்லை.

படிக ஒழுங்குக்கு அடுத்து வருவது தூய்மை. ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் ஐந்துக்குப் பின் 22 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையில் அணுக்கள் உள்ளன. அவற்றில் ஐந்து கோடிக்கு ஒன்று வீதம் பாஸ்பரஸ் அணுவைச் சேர்த்தாலே, அறை வெப்பநிலையில் மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்காகிவிடுகிறது. இவ்வாறு தெரிந்தே அளந்து கலப்பதற்கு மாசூட்டல் என்று பெயர். பாஸ்பரஸுக்குப் பதில் போரானைச் சேர்த்தால் எலக்ட்ரான் இருக்கவேண்டிய இடம் ஒன்று வெறுமையாகி, துளை எனப்படும் நேர்மின் சுமையாளன் உண்டாகிறது. வெறுமை எப்படி நகரும் என்று வகுப்பில் கேட்கும் மாணவருக்கு உப்பளத்தைவிட நல்ல விடை கிடைக்காது: வரிசையாக நீர் நிறைந்த பாத்திகளில் ஒன்று மட்டும் காலியாக இருக்க, அடுத்த பாத்தியின் வரப்பைத் திறந்து இதை நிரப்பினால் அது காலியாகிறது, அதை நிரப்ப அதற்கடுத்தது காலியாகிறது, நீர் இப்பக்கம் வந்துகொண்டிருக்க, காலிப் பாத்தி மட்டும் அப்பக்கம் போவதாகத் தோன்றும். மாசூட்டுவதற்கு முன் சிலிக்கானில் உள்ள மாசு, கலக்கப்போகும் அளவைவிடப் பலமடங்கு குறைவாக இருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம் செல்லும். இல்லாவிட்டால் கலந்தது எது, ஏற்கெனவே இருந்தது எது என்று பிரித்தறியவே முடியாது.

இக்கடற்கரைக்கும் மின்னணுவியலுக்கும் உள்ள பகையும் உறவும் இவ்விடத்தில் வெளிப்படுகின்றன. பகையை முதலில் காண்போம். 1960களின் தொடக்கத்தில், சிலிக்கானின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலமும் அதன் மேல் உலோகமுமாக அமைந்த மாஸ் டிரான்சிஸ்டர்கள், சோதனையில் நன்றாக இயங்கியும், சூட்டிலும் மின்னழுத்தத்திலும் சில மணி நேரம் வைத்தால் காரணம் தெரியாமல் நிலை மாறிக்கொண்டே இருந்தன. ஃபேர்சைல்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்னோ, குரோவ், டீல், ஸா ஆகிய நால்வர் (இந்த டீல் வேறொருவர்) 1965இல் வெளியிட்ட ஆய்வில் குற்றவாளியை அடையாளம் காட்டினர், அது சோடியம். ஆக்சைடுக்குள் நுழைந்த சோடியம் அயனி, மின்புலத்தின் போக்கில் மெல்ல ஊர்ந்து சிலிக்கானின் விளிம்பை அடைந்து, டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தத்தையே மாற்றிவிடுகிறது. ஆக்சைடின் தடிமன் 0.1 மைக்ரான் என்று கொண்டால், பரப்பிலுள்ள ஏறத்தாழ ஏழாயிரம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு சோடியம் அயனி இருந்தாலே அந்த மாற்றம் அரை வோல்ட் அளவுக்கு வரும். சோடியம் எங்கிருந்தும் வரலாம்: கைவியர்வையிலிருந்து, கண்ணாடிக் கலத்திலிருந்து, உலோகத்தை ஆவியாக்கப் பயன்படும் டங்ஸ்டன் இழையிலிருந்து. சன்னல் கம்பியைச் சில ஆண்டுகளில் துருப்பிடிக்கச் செய்யும் இவ்வூர்க் கடற்காற்று அப்படியே உள்ளே வருமானால் ஒரு சிப் ஆலை ஒரு நாள்கூடத் தாங்காது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். காற்றையும் நீரையும் வடிகட்டுவதற்கே அத்தகைய ஆலைகள் பெரும் செலவு செய்வதன் காரணங்களில் ஒன்று, வீட்டில் ஊறுகாய்க்கு இடும் அதே உப்பு.

உறவு அதைவிட ஆழமானது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் எரிசோடாவோடு குளோரினும் ஹைட்ரஜனும் கிடைக்கின்றன. அவ்விரண்டும் சேர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை, மணலிலிருந்து கரி கொண்டு உருக்கியெடுத்த முரட்டுச் சிலிக்கான் பொடியின் மேல் சுமார் 300 டிகிரி வெப்பத்தில் செலுத்தினால் டிரைகுளோரோசிலேன் என்ற நீர்மம் உண்டாகிறது. திண்மத்தைத் தூய்மை செய்வது கடினம், நீர்மத்தை வாலைவடிப்பது எளிது. டிரைகுளோரோசிலேன் 32 டிகிரியிலேயே, அதாவது மரக்காணத்துக் கோடை நிழலிலேயே, கொதிக்கும் என்பதால் திரும்பத் திரும்ப வடித்து மாசுகளை நீக்க முடிகிறது. வடித்தெடுத்ததை ஹைட்ரஜனோடு சுமார் 1,100 டிகிரி வெப்பமுள்ள மெல்லிய சிலிக்கான் தண்டுகளின் மேல் செலுத்த, தூய சிலிக்கான் படிந்து தண்டு பருக்கிறது. குளோரின் தொழில் இருந்த இடத்தில் சிலிக்கான் தொழிலும் முளைத்தது இதனால்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஏ. ஆர். வாசுதேவமூர்த்தியின் ஆய்வை அடித்தளமாகக் கொண்டு, 1980களில் மேட்டூரில் மெட்கெம் சிலிக்கான் நிறுவனம் பாலிசிலிக்கான் தயாரித்தது. அது சார்ந்த தொழிற்குழுமத்துக்கு வேதாரண்யத்தில் உப்பளங்களும் இருந்தன. பல்கலைக்கழகச் சோதனைச்சாலையில் பிறந்த முறை ஒன்று, தமிழ்நாட்டுத் தொழிற்சாலையில் டன் கணக்கில் பொருளாக மாறிய அரிய நிகழ்வு அது. இறக்குமதிச் சிலிக்கானோடு விலையில் போட்டியிட்டு அம்முயற்சி நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் இந்நாட்டு மின்னணுவியலின் கதை வேறாக இருந்திருக்குமோ என்ற கேள்வி எளிதில் விட்டுப்போவதில்லை.

இத்தகைய துறையில், கோடிக்கணக்கில் விலையுள்ள உலைகளோ தூசியற்ற கூடங்களோ இல்லாத தமிழ்நாட்டுக் கல்லூரியில், 1970களிலும் 80களிலும் குறைகடத்திப் பொருள்களைப் பாடமாகக் கொண்ட ஓர் ஆசிரியர் என்னதான் ஆராய்ந்திருக்க முடியும்? அந்தக் கேள்விக்குச் சென்னை தந்த விடையே படிக வளர்ப்பு. 1982இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவோடு தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற பேராசிரியர் பி. ராமசாமியின் பணிவாழ்வு, இந்த விடையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது. அவரும் பின்னர் அம்மையத்தின் இயக்குநராக இருந்த ஆர். தனசேகரனும் தொடக்கத்தில் பெரிதும் எழுதியது கருவாதல் கோட்பாட்டைப் பற்றியே: எந்த அளவு அதிதெவிட்டலில் கரு தோன்றும், மாசு இருந்தால் அது எப்படி மாறும், ஒரு படிகப் பரப்பின் மேல் புதிய அடுக்கு எப்படி விரியும் என்பன போன்ற வினாக்கள். தாளும் பென்சிலும் கொண்டு செய்யத்தக்க இக்கணக்குகள் உப்புக் கரைசலுக்கும் பொருந்தும்; காலியம் ஆர்செனைடின் மேல் மெல்லிய குறைகடத்தி அடுக்குகளை நீர்ம நிலையிலிருந்து படியவைக்கும் முறைக்கும் பொருந்தும். வறுமைக்கு ஏற்ற வினாவை எடுத்துக்கொண்டு, அதை வளமான இடத்துக்கும் செல்லுபடியாகும்படி எழுதிய திறம் அது.

கரைசலிலிருந்து படிகம் வளர்க்கும் முறைக்கு வேண்டியவை கண்ணாடிக் கலம், தண்ணீர்த் தொட்டி, சூடேற்றி, வெப்பநிலையை நூறில் ஒரு பங்கு டிகிரிக்குள் நிலைநிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை மட்டுமே. தெவிட்டிய கரைசலை வடிகட்டி, சற்று மேலான வெப்பநிலையில் வைத்து, பழுதற்ற சிறு படிகம் ஒன்றைப் பொறுக்கி நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அதன் மேற்பரப்பு இலேசாகக் கரைந்து சுத்தமானதும், நாளொன்றுக்குப் பத்தில் ஒரு டிகிரி போலக் குளிர்விக்கத் தொடங்குவர். படிகம் நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளரும். மூன்று வாரமோ ஆறு வாரமோ காத்திருக்க வேண்டும். நடுவில் வெப்பநிலை சட்டென்று இறங்கினால் தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்கான புதிய கருக்கள் விழும், ஏறினால் வளர்ந்தது கரையும்; அவசரப்பட்டால் கரைசலே படிகத்துக்குள் குமிழாகச் சிறைப்பட்டு வெண்திரை போலத் தெரியும். 2008க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு, வீடுகளில் விசிறியை நிறுத்தியதைவிடக் கொடுமையாக இத்தகைய தொட்டிகளைத் தாக்கியிருக்கும் என்பது இத்தொழிலை அறிந்தவர்க்கு விளங்கும். வளர்ந்த படிகத்தை எடுக்கும்போதும் கரைசலின் சூடும் அறையின் சூடும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு வாரத்து உழைப்பு கையிலேயே விரிசல் விடும்.

பயன்குறைந்த எளிய முறை என்று இதை ஒதுக்குவோர் உண்டு. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகம், அணுக்கரு இணைவுக்கான மாபெரும் லேசரில் ஒளியின் நிறத்தை மாற்றுவதற்கு, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் படிகங்களை முந்நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையில் நீர்க்கரைசலிலிருந்துதான் வளர்த்தெடுத்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மின்னணுவியலுக்குப் பெரும்பாலும் சிலிக்கான் போதும். ஒளியைக் கையாள வேறு படிகங்களும் வேண்டும்.

கரைசல் முறையின் பெருங்குறை, படிகம் எல்லாத் திசையிலும் தன் விருப்பப்படி முகங்களை அமைத்துக்கொண்டு வளர்வதுதான். லேசர் ஒளியின் நிறம் மாற்றும் பணிக்கு ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டிய துண்டு தேவைப்பட, முழுப் படிகத்தில் பெரும்பகுதி வெட்டில் வீணாகிறது. கே. சங்கரநாராயணனும் ராமசாமியும் 2005இல் வெளியிட்ட முறை இதற்கு எளிய மாற்று வழி கண்டது. கண்ணாடிக் குழாயின் குறுகிய அடிப்பகுதியில், வேண்டிய திசை மேல்நோக்கும்படி வித்துப் படிகத்தைப் பொருத்தி, மேலே கரைசலை நிரப்பி, குழாயின் வாய்ப்பகுதியை வளையச் சூடேற்றியால் சற்றே சூடாக்கினால், கரைப்பான் மேலே ஆவியாக, படிகம் கீழிருந்து குழாயின் வடிவத்தில், கொடுத்த திசையில் மட்டும் ஏறிவருகிறது. கரைசலில் இருந்த பொருள் ஏறத்தாழ முழுவதும் ஒரே படிகமாகிறது. முதலில் பென்சோபீனோன் என்ற கரிமப் பொருளில் செய்து காட்டிய இவ்வழி, இருவர் பெயரின் முதலெழுத்தால் எஸ்.ஆர். முறை என்று இன்று உலக ஆய்விதழ்களில் குறிக்கப்படுகிறது. ஆவியாதல், அடியில் விளைச்சல், மேலே வெயில் என்று பார்த்தால், நிமிர்த்தி வைத்த ஒற்றை உப்புப் பாத்தியே அது.

இந்த மரபின் மற்றொரு முகத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். செலவு குறைவு என்பதால் தமிழ்நாட்டின் கல்லூரிதோறும் படிக வளர்ப்பு ஆய்வு பரவியபோது, ஓர் அச்சில் வார்த்தது போன்ற ஆய்வேடுகளும் பெருகின: ஓர் அமினோ அமிலத்தோடு ஓர் உப்பைக் கலந்து, ஆவியாகவிட்டுப் படிகமெடுத்து, எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு, அகச்சிவப்பு நிறமாலை, வெப்பப் பகுப்பாய்வு, விக்கர்ஸ் கடினத்தன்மை, ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிக்கும் திறனுக்கான பொடிச் சோதனை என்று ஒரே வரிசையில் அளந்து, ஒரே வகை வாக்கியங்களில் முடிக்கும் ஏடுகள். அவற்றில் புதியவை என்று அறிவிக்கப்பட்ட படிகங்கள் சில, உண்மையில் கலந்த மூலப்பொருள்களுள் ஒன்றின் பழைய படிகமே என்று வேதியியலாளர்கள் ஆய்விதழ்களிலேயே மறுத்து எழுதியிருக்கின்றனர். பல பொருள்கள் கரைந்த நீரில் எது முதலில் தெவிட்டுகிறதோ அதுவே முதலில் பிரியும். கடல்நீரில் ஜிப்சம் முந்தி, உப்பு பிந்தி, மெக்னீசியம் கடைசி என்பதை மரக்காணத்து அளக்காரர் டிகிரிக் கணக்கில் அறிந்திருக்க, அதே விதியை மறந்து முனைவர் பட்டம் வரை செல்ல முடிந்தது என்பது, பாடத்திட்டத்தின் குறை என்பதைவிட, கண்ணால் பார்ப்பதை விட்டுக் கருவி தரும் வரைபடத்தை மட்டும் நம்பும் பழக்கத்தின் குறை. ஆய்வு வழிகாட்டி ஒருவரின் பெருமை அவர் தந்த பட்டங்களின் எண்ணிக்கையால் அளக்கப்படும் சூழலில் இது மேலும் வளரும்.

எனினும் எண்ணிக்கைக்கும் ஒரு பயன் உண்டு. தொட்டியருகே ஆறு வாரம் காத்திருந்து பழகியவர், பின்னர் ஒரு சிற்றூர்க் கல்லூரியில் திண்மநிலை இயற்பியல் நடத்தும்போது, அதிதெவிட்டல் என்ற சொல்லைப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுப்பதில்லை. ராமசாமியும் பி. சந்தானராகவனும் எழுதி, கும்பகோணத்தில் பதிப்பிக்கப்பட்ட படிக வளர்ப்புப் பாடநூல், வெளிநாட்டு நூல்களை வாங்க வழியில்லாத ஆய்வு மாணவர்களுக்குக் கைநூலாகப் பயன்பட்டது. கருவிகளைப் பற்றிய பாடம் மற்றொரு வழியில் வந்தது: இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 2003 முதல் தொகுக்கத் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களில், சென்னைக் கழகத்தின் எஸ். கர்மால்கர் திண்மநிலைக் கருவிகளையும், கே. என். பட் அதிவேகக் கருவிகளையும், நந்திதா தாஸ்குப்தா சிப் தயாரிப்புத் தொழில்நுட்பத்தையும் நடத்திய வகுப்புகள், நுழைவுத் தேர்வு எழுதாத எவரும் பார்க்கத்தக்கனவாயின. அவை ஆங்கிலத்தில் உள்ளன. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து சில கிலோமீட்டரில், மீனவர் குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு, துளை என்றும் மாசூட்டல் என்றும் தமிழில் ஒருமுறை விளங்கியபின் அந்த ஆங்கில வகுப்பு பாதி எளிதாகிவிடும்; அந்த முதல் விளக்கத்தைத் தருவது ஆய்வுக் கட்டுரை எழுதுவதைவிடச் சிறிய பணியன்று.

அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பின் ராமசாமியின் பணி கேளம்பாக்கத்தை அடுத்த காலவாக்கம் எஸ்.எஸ்.என். நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் தொடர்ந்தபோது, அங்கே ஆராயப்பட்ட பொருள்களுள் ஒன்று சூரிய மின்கலங்களுக்கான பல்படிகச் சிலிக்கான். கரைசல் தொட்டியில் தொடங்கிய மரபு, சிலிக்கான் உலைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே தமிழ்நாட்டின் தொழில் நிலமும் மாறியிருக்கிறது: ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் காட்மியம் டெல்லுரைடு என்ற குறைகடத்திப் படலத்தால் சூரியத் தகடு செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது, திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா நிறுவனத்தின் சிலிக்கான் மின்கல ஆலை இயங்குகிறது, ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் குறைகடத்தித் தொழிலுக்கென 76,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இவற்றுக்குப் பொறியாளர் வேண்டும் என்பது அடிக்கடி பேசப்படுகிறது. படிகத்தின் பழுதைக் கண்டறியத் தெரிந்தவர் வேண்டும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பல்படிகச் சிலிக்கானை வார்க்கும் முறைக்குத் திசைவழி உறையவைத்தல் என்று பெயர். உருகிய சிலிக்கான் கலத்தில் ஒட்டிக்கொள்ளாதிருக்க உட்புறம் சிலிக்கான் நைட்ரைடு பூசிய சிலிக்காக் கலத்தில், 1,414 டிகிரிக்கு மேல் சிலிக்கானை உருக்கி, அடியிலிருந்து மட்டும் வெப்பத்தை வாங்கினால், கீழிருந்து தூண் தூணாகப் படிகங்கள் மேல்நோக்கி வளர்கின்றன. தண்ணீரைப் போலவே சிலிக்கானும் உறையும்போது பருக்கும் பொருள் என்பதால், மேற்பரப்பு முந்தி உறைந்துவிட்டால் நடுவில் சிக்கிய நீர்மம் கலத்தையே பிளந்துவிடக்கூடும். உலைக்குள் வெப்பம் எங்கே எவ்வளவு என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதே இன்று அந்த ஆய்வின் பெரும்பகுதி. உலகச் சந்தை கடந்த சில ஆண்டுகளில் ஒற்றைப் படிகச் சிலிக்கான் பக்கம் சாய்ந்துவிட்டது என்றாலும், அந்தக் கணக்குகள் வீணாவதில்லை. உருகலும் உறைதலும் இரண்டுக்கும் பொது.

உறையும் முகப்பு மேலேறும்போது மாசுகளில் பெரும்பாலானவை திண்மத்துக்குள் இடம் பெறாமல் உருகலிலேயே தள்ளப்படுகின்றன. இரும்பை எடுத்துக்கொண்டால், சம அளவு திண்மத்தில் ஓர் அணு தங்கும்போது உருகலில் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் அணுக்கள் நிற்கும். போரானோ கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு திண்மத்துக்குள்ளேயே நுழைந்துவிடும் என்பதால் அதை முன்கூட்டியே, டிரைகுளோரோசிலேன் நிலையில், நீக்கியாக வேண்டும். ஒதுங்கிய மாசெல்லாம் கடைசியாக உறையும் மேற்பகுதியில் வந்து திரள, கட்டி குளிர்ந்ததும் அந்தப் பகுதியை வைர இழை வாளால் அறுத்து அப்புறப்படுத்திவிட்டு, எஞ்சியதைச் செதில் செதிலாக வெட்டுகின்றனர். எவ்வளவு உயரத்தில் அறுப்பது என்பது அளவுகோல் வைத்துத் தீர்மானிப்பதன்று. அறுத்த முகத்தில் எலக்ட்ரான்கள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கின்றன என்று அளந்து, வாளைச் சற்று மேலேயோ கீழேயோ நகர்த்துகின்றனர். அங்கே மரக்காணத்தில், 30 டிகிரியை நெருங்கும் நீரை எப்போது மடை திறந்து விடுவது என்ற முடிவை, போமே கருவி கையில் இல்லாதபோது, விரல் நுனியில் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தே எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.